ஓர் ஊருக்கு ஒரு வேந்தர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பேனருக்கு வளையம் அடித்தது. ஃபிளெக்ஸின் ஓரத்தை மடித்து ஒட்டி, முழத்துக்கு ஒன்றாகத் துளை போட்டு, கயிறு நுழையப் பித்தளை வளையம் வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். பேனர் கடைத் தரையில் அடங்கவில்லை. பாதியைச் சுருட்டி நான் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் மறுமுனையில் குந்தியிருந்தார்.

"இழுத்துப் புடி கீர்த்தி. சுருக்கம் வுழுந்தா காத்து கிழிச்சிடும்."

"இழுத்துக்கிட்டுதாம்பா இருக்கறன்."

"மூலைக்கு ரெண்டு வளையம் போடறன். பெரிய பேனரு."

அவர் அதுவரை அச்சடித்ததிலேயே பெரியது. நடுவில் என் தங்கை தீபிகாவின் மாமனார் சௌந்தரராஜன் வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டபடி நின்றார். அவர் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் 'சக்கரவர்த்தி' என்று இருந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து அப்பா யாருக்கும் அடித்துக் கொடுக்காத வார்த்தை அது.

கடைசி வளையத்தைத் தட்டிவிட்டு எழுந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "இத மாட்டிட்டா புள்ள வந்துடுவான்" என்றார்.

பிள்ளை என்றது தீபிகாவின் மகன் கலைவேந்தனை. ஒன்றரை வயது. அவனை மாமனார் வீட்டில் வைத்துக்கொண்டு, தீபிகாவை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்பா பெயர் உலகநாதன். வில்லியனூர் கடைத்தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் 'ஆண்டாள் டிஜிட்டல்' அவருடைய கடை. ஆண்டாள் என் அம்மா. தாத்தா மளிகை நடத்திய இடத்தில் அப்பா ஜெராக்ஸ் மெஷின் போட்டார். பிறகு கல்யாணப் பத்திரிகை. பிறகு ஃபிளெக்ஸ். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்து முடித்தார். அந்தப் படிப்பால் அவருக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கடையில் அதைத் தினமும் செலவழித்தார்.

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கபடி, சாவு. ஒவ்வொரு முகத்துக்கும் மேலே ஒரு பட்டம் வேண்டும். மற்ற கடைகளில் வந்தவன் சொல்வதை அடித்துக் கொடுப்பார்கள். அப்பாவிடம் அது நடக்காது. "அவரு இன்னா செஞ்சிருக்காரு?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் கணினியில் கை வைப்பார்.

காது குத்தும் பிள்ளைக்கு 'இளவரசன்'. மாப்பிள்ளைக்கு 'ராஜா'. "ஒரு நாளைக்குத்தான். பரவால்ல, இருந்துட்டுப் போவட்டும்." கபடியில் கோப்பை வாங்கியவனுக்கு 'கொற்றவன்', ஏனென்றால் கொற்றம் என்றால் வெற்றி. தோற்ற அணிப் பையன்கள் அதே பட்டம் கேட்டு வந்தபோது, "அடுத்த வருசம் ஜெயிச்சிட்டு வாங்கடா, ஃப்ரீயா அடிச்சித் தரன்" என்று அனுப்பிவிட்டார். ஏரிக்கரை உடைந்தபோது மூட்டை போட்டு அடைத்தவருக்குக் 'காவலன்'. கோயிலில் ஊருக்குச் சோறு போட்டவருக்குப் 'புரவலன்'. 'அரசன்' யாருக்கும் பொது, அதனால் யாரும் அதைக் கேட்பதில்லை.

'வேந்தன்' மட்டும் கேட்டவுடன் கிடைக்காது. முடி சூடியவன்தான் வேந்தன். அந்தக் காலத்தில் அது சேர சோழ பாண்டியருக்கு மட்டுமே உரிய பெயர், மற்றவர்கள் எவ்வளவு பெரிய நாட்டை ஆண்டாலும் மன்னர்தான் என்பார். அதனால் ஓர் ஊருக்கு ஒரு வேந்தர் என்று சட்டம் வைத்திருந்தார். எந்த ஊரில் யாருக்குக் கொடுத்தார் என்பது மனப்பாடம். "ஒரே ஊர்ல ரெண்டு பேரு முடி வெச்சா ஒரு தலை போவும்" என்பார்.

'சக்கரவர்த்தி' கிடையவே கிடையாது. தன் சக்கரத்தை எவனாலும் நிறுத்த முடியாதவன் சக்கரவர்த்தி. "நம்ப ஊர்ல யாரு சக்கரம் நிக்காம ஓடுது? ரயில்வே கேட்டு போட்டா எல்லாருந்தான் நிக்கறான்."

மெஷின் ஓட்டும் இன்னாசிமுத்து ஒருமுறை கேட்டார். "எனக்கு ஒரு பட்டம் குடுக்கக் கூடாதாண்ணே? லூர்து மாதா திருவிழாவுக்கு மாட்டிக்கறன்."

"இன்னா செஞ்சிருக்கற?"

"உங்களோட பதினேழு வருசம் இருந்திருக்கறன்."

"அதுக்குப் பட்டம் இல்லடா. மெடல்தான்."

அம்மா உள்ளிருந்து சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சிம்மாசனம் குடுப்பாரு. வூட்ல ஒரு நாற்காலிக்கு கால் ஆடுது."

நான் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறேன். அவற்றுக்கு மூலக் கருவி என்று ஒன்று தனி அறையில் இருக்கும். எது தவறாகக் காட்டினாலும் அதோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். அப்பா இரண்டு வேலையும் ஒன்று என்பார். "நீ முள்ளு சரியான எடத்துல நிக்குதான்னு பாக்கற. நானும் அதத்தான் பாக்கறன்." நான் ஒப்புக்கொண்டதில்லை. அவருடைய மூலக் கருவி அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

குறை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். புகழ்ந்தால் குளிர்ந்துவிடுவார். பிடிவாதம் அதிகம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்குவார், சாப்பிட மறப்பார்.

தீபிகாவைக் கொடுத்த ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவள் அந்தத் தெருவில் நடக்க வேண்டியவள். மாப்பிள்ளை அரிகரன் அப்பாவோடு சேர்ந்து நெல்லும் கரும்பும் பார்க்கிறார். அந்த ஊரில் பெரிய வீடு இரண்டு. ஒன்று அவர்களுடையது. இன்னொன்று சௌந்தரராஜனின் பங்காளி கமலக்கண்ணனுடையது. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் மரியாதையாகத் தலையில் துணி கட்டுவார்கள், பரிவட்டம். ஒரு வருஷம் அந்த வீடு, மறு வருஷம் இந்த வீடு. அதில் சண்டை வந்ததில்லை.

கும்பாபிஷேகம் வந்தது. அது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. யார் முறை என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டு பூசாரிகள், இரண்டு துணி, ஒரே நேரத்தில் இருவருக்கும் கட்டுவது என்று முடிவு செய்தார்கள்.

முதலில் கடைக்கு வந்தவர்கள் கமலக்கண்ணன் ஆட்கள். 'வேந்தர்' கேட்டார்கள். அந்த ஊரில் அதுவரை வேந்தர் இல்லை. கோபுரத்துக்குக் கலசம் கொடுத்தது அவர்தான். அப்பா போட்டுக் கொடுத்தார். ஒரு கட்சியின் பேனரை மறு கட்சிக்குக் காட்டக் கூடாது என்பது கடையின் இன்னொரு சட்டம். அதனால் சம்பந்தியிடம் வாய் திறக்கவில்லை.

பிறகு சௌந்தரராஜன் ஃபோன் செய்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க சம்பந்தி. வார்த்தை உங்க இஷ்டம்."

மற்றவர்களுக்கு அப்பா நின்ற இடத்தில் வார்த்தை சொல்வார். இதற்கு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். 'மன்னர்' என்று போட்டார். சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார்:

"மன்னுதல்னா நிலைச்சி நிக்கறது. முடி இன்னைக்கு ஒருத்தன் தலையில இருக்கும், நாளைக்கு வேற தலைக்குப் போவும். மன்னன்னா போவாம நிக்கறவன். நம்ப பொண்ணு நிக்கற வூடு அது. அதான் அந்த வார்த்தை."

"அவங்களுக்கு அது தெரியுமா?" என்றாள் அம்மா.

"தமிழ்தான. தெரியும்."

வேறு எந்த ஊரிலும் இது பிரச்சினையாகி இருக்காது. அந்த ஊருக்குள் நுழைய ஒரே வழி, கோயில் பெயர் எழுதிய சிமெண்டு வளைவு. அதன் இடப்பக்கம் ஒரு பேனர், வலப்பக்கம் ஒரு பேனர். ஒரே நாளில் கட்டினார்கள். ஒரு பக்கம் வேந்தர், மறு பக்கம் மன்னர். இரண்டின் கீழேயும் சின்ன எழுத்தில் 'ஆண்டாள் டிஜிட்டல், வில்லியனூர்'.

டீக்கடையில் நடந்ததை அரிகரன் பிறகு சொன்னார். கமலக்கண்ணனின் மருமகன் மணிபாரதி ஃபோனை எடுத்து உரக்கப் படித்திருக்கிறான். "வேந்தன்னா முடியுடை அரசன். மன்னன்னா அவனுக்கு அடங்கினவன். போட்டிருக்குது பாரு."

சௌந்தரராஜன் அங்கேதான் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"பெரிய மாமா, கப்பம் எப்பக் கட்டுவீங்க? கரும்பா குடுப்பீங்களா, நெல்லா குடுப்பீங்களா?"

"வுடுடா. வேந்தருக்குக் கீழ துணைவேந்தர்னு ஒண்ணு இருக்குதே, அதக் கேட்டு வாங்கியிருக்கலாம். சொந்த சம்பந்திதான அச்சடிக்கறாரு" என்றான் பக்கத்தில் இருந்த இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சௌந்தரராஜனும் சிரித்தார் என்றார் அரிகரன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கும்பாபிஷேகத்தன்று மேடையில் இரண்டு பூசாரிகள் நின்றார்கள், தட்டில் இரண்டு துணிகள் இருந்தன. மைக் பிடித்தவர் வேடிக்கைக்கோ பழக்கத்திலோ, "வேந்தர் முன்னாடி வரட்டும்" என்றார். கமலக்கண்ணன் முன்னால் வந்தார். பூசாரி கட்டிவிட்டார். மற்ற பூசாரி இன்னொரு துணியை எடுத்துத் திரும்பியபோது சௌந்தரராஜன் தலையைக் குனியவில்லை. வெறுந்தலையோடு மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அரிகரன் பைக்கில் தீபிகாவைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார். இஞ்சினை நிறுத்தவில்லை.

"புள்ள எங்க?" என்றார் அப்பா.

"அப்பா வெச்சிருக்காரு மாமா."

"ஏன்?"

"நீங்க சரி பண்ணா அனுப்பறேன்னாரு."

"இன்னா சரி பண்ணணும்?"

அரிகரன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியல மாமா. நீங்களே வந்து பேசுங்க." போய்விட்டார்.

கலைவேந்தன் தாய்ப்பால் மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தீபிகாவின் ரவிக்கை நனைந்துவிட்டது. அம்மா பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். இரண்டு நாளில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது.

நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பது குற்றம். ஒரு புகார் போதும்.

"போவலாம்" என்றார் அப்பா. "புள்ள வந்துடுவான். அவ வாழ்க்கை வராது."

"இது வாழ்க்கையாப்பா?"

"அவளக் கேளு."

தீபிகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அவரு நல்லவருதாங்க்கா. அவங்கப்பா எதிர்ல நிக்கும்போது மட்டும் இல்ல" என்றாள். "நான் அங்கதான் போவணும். புள்ளையோட."

லீவு போட்டு அப்பாவோடு போனேன். சௌந்தரராஜன் டிராக்டர் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது. வீட்டுக்குள் பிள்ளையின் சத்தம் கேட்டது. வெளியே கொண்டுவரவில்லை.

அப்பா மன்னுதலைச் சொன்னார். நிலைத்து நிற்பதைச் சொன்னார். முடியைவிட அது எப்படிப் பெரியது என்று சொன்னார். நிதானமாகத்தான் தொடங்கினார். போகப் போகக் குரல் கெஞ்சலாகிவிட்டது.

சௌந்தரராஜன் முழுக்கக் கேட்டார். "அர்த்தம் உங்க வாயில இருக்குது சம்பந்தி. பரிவட்டம் அவன் தலையில இருக்குது."

"நான் அப்பிடி நெனச்சிப் போடல."

"தெரியும். அதனாலதான் காபி குடுத்தன்."

அவர் கேட்டது இது. சக்கரவர்த்தி என்று போட வேண்டும். அளவு, கமலக்கண்ணன் பேனரில் இரண்டு பங்கு. மண்டலாபிஷேகம் முடிவதற்குள் அதே வளைவில் ஏற வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு ஒரு மண்டலம் பூசை நடக்கும். அது முடிகிறவரை பேனர்கள் நிற்கும். முடிந்தவுடன் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள்.

"எறக்கிட்டா அதோட முடிஞ்சிது. அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் அவன் வேந்தன், நான் மன்னன். அதுக்குள்ள நான் செத்தும் போயிடுவன். எம் பேரன் அந்த ஊர்ல கப்பம் கட்டறவன் பேரனா வளரணுமா?"

"புள்ளைய மட்டும் அம்மாகிட்ட வுடுங்க. பேனரு நான் பாத்துக்கறன்."

"நீங்க பாத்துக்கிட்டதுதான் இவ்ளோ தூரம் வந்திருக்குது."

அங்கிருந்து கமலக்கண்ணன் வீட்டுக்குப் போனோம். அவரும் உட்காரச் சொன்னார். மோர் வந்தது.

"இப்பவே எறக்கிடறன் உலகநாதண்ணே. எனக்கு இன்னா அதுல? எங்க அண்ணன் வந்து வாயத் தெறந்து கேக்கட்டும்."

"அவரு வரமாட்டாரு."

"தெரியும். அப்ப இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சக்கரவர்த்தின்னு போடச் சொல்றாராமே. போட்டுடாதீங்க. நான் பொறுத்துப்பன். எங்க பசங்க பொறுக்கமாட்டாங்க. கிழிப்பாங்க. கிழிச்சா அண்ணன் ஆளுங்க வருவாங்க. அப்பறம் பேனரோட நிக்காது."

அப்பா மோரைத் தொடவில்லை.

திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீரைப் பார்த்து நின்றார்.

"சக்கரவர்த்திக்கு மேல வார்த்தை இல்ல கீர்த்தி. அவங்க வந்து அதுக்கு மேல ஒண்ணு குடுன்னா நான் எங்க போவேன்?"

"கடவுள்னு போடுங்க." கோபத்தில் சொன்னேன்.

"அதுவும் இருக்குது. எறைவன்னா மொதல்ல ராஜாவுக்குத்தான் பேரு. அப்பறம்தான் சாமிக்குப் போச்சி." அவரால் அந்த நிலையிலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அதையும் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிது."

எல்லா பேனரையும் அகற்றச் சொல்லி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மனு கொடுக்கலாம் என்றேன். அதிகாரிகள் எடுத்தால் யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை.

"எடுத்தவன் யாருன்னு கேப்பாங்க. மனு குடுத்தவன் யாருன்னு கேப்பாங்க. புள்ள அவங்க வூட்ல இருக்கறான்."

அவர் பட்டம் எதுவும் இல்லாமல், வெறும் பெயர் மட்டும் போட்டு, இருவருக்கும் ஒரே அளவில் இரண்டு பேனர் அடித்தார். எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். இரண்டு வீட்டிலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "பேரு எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்களாம்.

அதற்குப் பிறகு அவர் கடையில் யாரையும் "இன்னா செஞ்சிருக்காரு?" என்று கேட்கவில்லை. வந்தவர்கள் எந்தப் பட்டம் கேட்டாலும் கொடுத்தார். தோற்ற அணிக்குக் கொற்றவன் கொடுத்தார். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு வேந்தன் கொடுத்தார். இன்னாசிமுத்து என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் இன்னா கேட்டாலும் சரின்றாரும்மா. எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

ஒருநாள் அரிகரன் அவர்கள் தோட்டத்திலிருந்து தீபிகாவுக்கு வீடியோ கால் போட்டார். பிள்ளை மடியில் இருந்தான். தீபிகா திரையைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டாள். அவன் பார்த்தான். பிறகு கையிலிருந்த கரும்புச் சக்கையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டான். சிரிக்கவில்லை, அழவுமில்லை. தீபிகா ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"மறந்துட்டான்" என்றாள்.

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நேராகக் கடைக்குப் போய் மெஷினைப் போடச் சொன்னார். இன்னாசிமுத்து திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இந்த வார்த்தையா?"

"போடுடா."

அன்று சாயங்காலம்தான் நாங்கள் வளையம் அடித்தோம்.

மறுநாள் காலையில் பேனரை டி.வி.எஸ். வண்டியின் குறுக்கே கட்டிக்கொண்டு கிளம்பினார். அவ்வளவு பெரிய பேனருக்கு உயரமான சவுக்குக் கழி வேண்டும். கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஜெயசீலன் என்பவர் கழிக் கடை வைத்திருக்கிறார். கழியைப் பார்த்து வைத்துவிட்டு ஃபோன் செய்வதாகவும், இன்னாசிமுத்து லோடு ஆட்டோவோடு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு. வண்டியில் உட்கார்ந்த பிறகு, "கயிறு" என்றார். நைலான் கயிறு பத்தாது என்று அம்மாவிடம் சொன்னார். வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஜெயசீலன் சொன்னதுதான் மற்றது. அப்பா ஒவ்வொரு கழியாக உருட்டிப் பார்த்தார். வளைந்ததைத் தள்ளினார். நான்கு கழிகளைத் தனியாக எடுத்து வைத்து, அடியில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார். பிறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் இருக்குமா என்று கேட்டார். ஜெயசீலன் உள்ளே போய்ச் சொம்போடு வந்தபோது கழியில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. பேச்சில்லை.

இன்னாசிமுத்து லோடு ஆட்டோவில்தான் போனார். கழி ஏற்ற வைத்திருந்த வண்டியில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். டி.வி.எஸ். வண்டியும் பேனரும் அன்று இரவு கடைக்குத் திரும்பி வந்தன.

கண்ணீர் அஞ்சலி பேனரை எங்கள் கடையிலேயே அடித்தோம். "அண்ணனுக்கு இன்னா போடறதும்மா? மன்னர்னு போடட்டுமா?" என்று இன்னாசிமுத்து கேட்டார். செத்தவர்களுக்குப் பட்டம் கூடாது என்று அப்பா சொல்வார். பெயர், ஊர், தேதி. அதையே போட்டோம். உலகநாதன், வில்லியனூர்.

சௌந்தரராஜன் ரோஜா மாலையோடு வந்தார். அரிகரன் இடுப்பில் கலைவேந்தன். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு வேறு பேரன் இல்லை. பிணத்தைச் சுற்றி வரும்போது பந்தத்தின் குச்சியைப் பிள்ளையின் கைக்குள் வைத்து அரிகரன் தன் கையால் மூடிக்கொண்டார். நெருப்பைப் பார்த்துப் பிள்ளை கதறினான். தலையைத் திருப்பித் திருப்பி ஆளைத் தேடினான். பெண்கள் நடுவில் தீபிகாவைக் கண்டதும் பாய்ந்தான். பந்தம் கீழே விழுந்தது.

மறக்கவில்லை.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருந்த நேரம் முழுவதும் தீபிகா உள்ளறையில் அவனை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் வற்றியிருந்தது. அவன் வெறும் மார்பைச் சப்பிக்கொண்டே தூங்கினான்.

சௌந்தரராஜன் சுடுகாட்டில் வாய்விட்டு அழுதார் என்று இன்னாசிமுத்து சொன்னார். பொய் அழுகை என்று என்னால் சொல்ல முடியாது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"புள்ளையக் குடும்மா. போவணும்."

அம்மா எழுந்தாள். "பந்தம் புடிச்ச கை இன்னும் ஆறல சம்பந்தி."

"அவரு எனக்கு அண்ணன் மாதிரிங்க. அது வேற, இது வேற. மண்டலாபிஷேகத்துக்கு இன்னும் நாள் இருக்குது. மாட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, நானே கொண்டாந்து வுடறன்."

"போட்ட பேனரு கடையிலதான் இருக்குது" என்றேன். "எடுத்துக்கிட்டுப் போயி நீங்களே கட்டிக்குங்க."

"எனக்கு நானே கட்டிக்கறதா? இன்னா பேச்சும்மா இது. அவரு கையால ஏறணும். இல்லன்னா அவரு வூட்டு ஆளுங்க கையால."

அரிகரன் உள்ளே போனார். பிள்ளை தூக்கத்தில் தீபிகாவின் தாலிக் கயிற்றைப் பிடித்திருந்தான். அரிகரன் விரல் விரலாகப் பிரித்தார். "மன்னிச்சிக்க தீபி" என்றது எனக்குக் கேட்டது. நான் போலீஸ் எண்ணை அழுத்திவிட்டேன். தீபிகா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா வேணாம்னாரில்ல" என்றாள். அப்பா பேச்சை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

மண்டலாபிஷேகம் நாளை மறுநாள் முடிகிறது. எங்களுக்குத் தீட்டு. காரியம் முடியும்வரை நானோ அம்மாவோ கோயில் வளைவுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. இன்னாசிமுத்து இன்று காலையில் வந்தார்.

"எனக்குத் தீட்டு இல்லியேம்மா. நானும் அண்ணன் வூட்டு ஆளுதான். ஆட்டோ சொல்லட்டுமா?"

"கமலக்கண்ணன் ஆளுங்க கிழிக்க வந்தா?"

"ஏணியில இருந்து எறங்கிடுவன்."

"எறங்கற வரைக்கும் நிப்பாங்களா?"

அவருக்கு மூன்று பெண்கள்.

மாட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாட்டாவிட்டால் என்ன என்றும் தெரியும். தீபிகா கடைக்குள் வந்து பேனர் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு வளையத்துக்குள் விரலை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. பார்க்கிறாள்.

மத்தியானம் ஜெயசீலன் ஃபோன் செய்தார். நல்ல கழி, வேறு ஆள் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா என்றார். அப்பா போட்ட குறி இன்னும் அழியவில்லை என்றும் சொன்னார்.

கொடுக்க வேண்டாம் என்றேன்.

நான்கு கழிகளும் அங்கே தனியாகக் கிடக்கின்றன. வளைவுக்குப் பக்கத்தில் குழி தோண்டவில்லை. கயிறு இன்னும் வாங்கவில்லை.